சேலம், ஏற்காடு பக்கம் புதுசா புரோக்கர் வேலைக்கு வர்றீங்களா? கமிஷன் பங்குல ஏமாறாம இருக்க நான் பட்டு தெரிஞ்சுகிட்டது

எனக்கு முதல் பெரிய டீல் ஏற்காட்டுல நாகலூர் ரோட்டுல ஒரு 40 சென்ட் காப்பித் தோட்டம். 60 லட்சத்துக்கு கிரயம் ஆச்சு. வாங்குற பார்ட்டி பெங்களூருக்காரங்க, என் கடைக்கு வந்து பழக்கமானவங்க, நானே மூணரை மாசத்துல ஒம்பது தடவை மலைக்கு கூட்டிட்டுப் போய் காட்டினேன். பார்ட்டி 2 சதவீதம் கொடுத்தாங்க, 1,20,000 ரூபாய். இதுல ஓனரோட நம்பர் கொடுத்த சீனியர் அண்ணன் ஒருத்தர் 70 சதவீதம், அதாவது 84,000 எடுத்துகிட்டார். எஸ்டேட் சூபர்வைசருக்கு 10,000, வழி சொன்ன டீக்கடைக்காரருக்கு 5,000. மிச்சம் 21,000, அதுல வண்டி வாடகை, டீசல், சாப்பாடு 9,500 போச்சு. என் கையில நின்னது 11,500. அந்த அண்ணன் ஒரு நாள்கூட சைட்டுக்கு வரலைங்க, கிரயத்தன்னைக்கு மட்டும் வெள்ளை வேட்டியில ஆபீஸ் வாசல்ல நின்னார்.

அவரை மட்டும் குத்தம் சொல்லி பிரயோஜனம் இல்ல. நம்பர் வாங்கும்போது "பங்கு எப்படிங்கண்ணா?"ன்னு நான் கேட்டேன், "அதெல்லாம் பாத்துக்கலாம் தம்பி, நமக்குள்ள என்ன"ன்னார், நானும் சிரிச்சுட்டு வந்துட்டேன். அந்த சிரிப்புக்கு விலை கிட்டத்தட்ட அரை லட்சம். நீங்களும் அப்படி சிரிச்சுட்டு வரக்கூடாதுன்னுதான் இதை வரிசையா எழுதுறேன்.

1. முதல்ல உங்க பேப்பரை சரி பண்ணுங்க

பங்கு சண்டை வந்தா எதிராளி கேக்குற முதல் கேள்வி "உனக்கு ரெரா நம்பர் இருக்கா?"ங்கறதுதான். 2016 ரெரா சட்டப்படி (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம்), பதிவு பண்ண வேண்டிய லேஅவுட், அபார்ட்மெண்ட் ப்ராஜெக்ட்ல புரோக்கர் வேலை பாக்கணும்னா ஏஜென்ட்டா பதிவு பண்ணியிருக்கணும். பதிவு பண்ண வேண்டிய ப்ராஜெக்ட்னா, 500 சதுர மீட்டருக்கு மேல நிலம், இல்லன்னா 8 வீட்டுக்கு மேல. 500 சதுர மீட்டர்னா 12 சென்ட்டு சொச்சம்தான், அதனால ஓமலூர் ரோடு, அயோத்தியாப்பட்டணம், சீலநாயக்கன்பட்டி பக்கம் நீங்க பாக்குற புது லேஅவுட் முக்காவாசி இதுக்குள்ள வந்துடும். தனி ஆள் ஒருத்தர் இன்னொருத்தருக்கு விக்கிற பழைய வீடு, தோட்டம் இதுல வராது.

தனிநபர்னா தமிழ்நாட்டுல பதிவுக் கட்டணம் 25,000 ரூபாய், கம்பெனி, பார்ட்னர்ஷிப்னா 50,000. 5 வருஷத்துக்கு செல்லும். பேன் கார்டு, அட்ரஸ் ப்ரூஃப், போட்டோ, மூணு வருஷ வருமான வரி ரிட்டர்ன், ரிட்டர்ன் போடற அளவுக்கு வருமானம் இல்லன்னா அதுக்கு ஒரு உறுதிமொழி, இவ்வளவும் ஸ்கேன் பண்ணி ஆன்லைன்ல போடணும். எல்லாம் கையில இருந்தாலும் ஒரு மாசம் ஒதுக்கி வச்சுக்கோங்க. ஆதார்ல ஒரு இனிஷியல், பேன்ல ஒரு இனிஷியல் இருந்தா முதல்ல அதை சரி பண்ணிட்டு போங்க, நான் அதுலயே மூணு வாரம் தொலைச்சேன்.

25,000 பெருசாத்தான் தெரியும். பதிவு இல்லாம மாட்டினா ஒரு நாளைக்கு 10,000 வீதம், அந்த மனை விலையில 5 சதவீதம் வரைக்கும் அபராதம் போகும். அதைவிட முக்கியம், பதிவு இல்லாதவர்னு தெரிஞ்சாலே "உன் பேரை எப்படி பில்லுல காட்டறது"ன்னு சொல்லி பங்கைக் குறைப்பாங்க. இதை சாக்கா வச்சே ஒருத்தர் என்கிட்ட பேசின பங்குல பாதியை வெட்டினார்.

2. எதுக்கு எவ்வளவு பங்குன்னு மனசுல ஒரு கணக்கு வச்சுக்கோங்க

இங்க எழுதி வச்ச ரேட் எதுவும் கிடையாது. கமிஷனே பெரும்பாலும் ஒரு பக்கத்துக்கு 1 சதவீதம், 2 சதவீதம்னு பேச்சுலதான் நிக்குது, அதுல பங்குன்னா சொல்லவே வேண்டாம். அதனாலதான் உங்களுக்குன்னு ஒரு கணக்கு வேணும். என் கணக்கைச் சொல்றேன், நீங்க ஏத்தி இறக்கிக்கோங்க.

வெறும் நம்பர் மட்டும் கொடுத்தா, எனக்கு வர்ற கமிஷன்ல 10 சதவீதம். நம்பரும் கொடுத்து, ஓனர்கிட்ட போன் போட்டு "நம்ம பையன் வருவான்"னு பேசியும் விட்டா 25. அவர் ஓனரைக் கொண்டு வந்து நான் பார்ட்டியைக் கொண்டு வந்து, ரெண்டு பேரும் கடைசி வரைக்கும் கூட நின்னா, அவர் பக்கத்து கமிஷன் அவருக்கு, என் பக்கத்துது எனக்கு. ஒரே பக்கம்தான் கொடுக்குதுன்னா பாதிப் பாதி. அமெரிக்காவுல இருக்குற என் மச்சான்கிட்ட கேட்டேன், அங்க ஒரு ஏஜென்ட் இன்னொரு ஏஜென்ட்டுக்கு ஆளை அனுப்பி வச்சா வழக்கமா 25 சதவீதம்தானாம், அதுவும் லைசென்ஸ் வச்சிருக்கறவருக்குத்தானாம். அந்த ஊர்லயே 25னா, நம்ம ஊர்ல ஒரு நம்பருக்கு 70 கேக்கறது என்ன நியாயம்னு நீங்களே சொல்லுங்க.

வாட்ஸ்அப் குரூப்ல சைட் விவரத்தைப் போட்டதுக்கே பங்கு கேக்குறவங்க உண்டு. அதே சைட்டை அதே போட்டோவோட பத்து பேர் பார்வர்ட் பண்ணியிருப்பாங்க, அஞ்சு ரோட்டுல ஒருத்தர், கொண்டலாம்பட்டியில ஒருத்தர், கன்னங்குறிச்சியில ஒருத்தர், எல்லாருக்கும் அந்த சைட் "என் சைட்". குரூப் மெசேஜைப் பாத்து கூப்பிட்டா, "ஓனர் உங்களுக்கு நேரடியா தெரியுமாங்க? பட்டா காப்பி உங்ககிட்ட இருக்குங்களா?"ன்னு ரெண்டே கேள்வி கேளுங்க. ரெண்டுக்கும் இல்லன்னா அவர் நடுவுல நிக்கிற ஆள், அவருக்கு மேல இன்னும் ரெண்டு பேர் இருப்பாங்க.

3. சைட் காட்டறதுக்கு முன்னாடி ஒரு மெசேஜ்

இதுதான் எல்லாத்துலயும் முக்கியமான படி, வேற எதைச் செய்யாட்டியும் இதைச் செய்யுங்க. செலவு ஒரு ரூபாய்கூட இல்ல, அஞ்சு நிமிஷ வேலை. ஓனர் பக்கத்து புரோக்கர்கிட்ட போன்ல பேசி முடிச்ச உடனே, பார்ட்டியை வண்டியில ஏத்தறதுக்கு முன்னாடி, நான் இப்பல்லாம் இப்படித்தான் அனுப்புறேன் (உதாரணத்துக்கு அந்த நாகலூர் சைட்டையே வச்சு எழுதியிருக்கேன்):

"அண்ணா வணக்கம். இப்ப போன்ல பேசினபடி, நாகலூர் ரோடு 40 சென்ட் சைட்டுக்கு என் பார்ட்டியை நாளைக்கு காலைல கூட்டிட்டு வர்றேன். வாங்குற பக்கம் கமிஷன் 2 சதவீதம், முடிஞ்ச விலை மேல. அதுல எனக்கு 75, உங்களுக்கு 25. சூபர்வைசர், மத்த ஆளுங்களுக்கு கொடுக்கறது அவங்கவங்க பங்குல இருந்து. கிரயத்தன்னைக்கே பணம். இந்த பார்ட்டி, இல்ல அவங்க குடும்பத்துல யாராவது, 6 மாசத்துக்குள்ள இந்த சைட்டை வாங்கினா யார் மூலமா முடிஞ்சாலும் இதே பங்கு. சரின்னா ஒரு வார்த்தை 'சரி'ன்னு போடுங்கண்ணா."

பதிலுக்கு வெறும் கட்டைவிரல் வந்தா விடாதீங்க. "அண்ணா, சரின்னு டைப் பண்ணிடுங்க, எங்க வீட்டுக்காரம்மா கணக்கு பாக்கறா"ன்னு சிரிச்சுகிட்டே கேளுங்க, அடுத்தவங்க மேல பழியைப் போட்டா யாருக்கும் கோபம் வராது. பதிலே வரலன்னா பார்ட்டியைக் கூட்டிட்டுப் போகாதீங்க. நாளைக்கு வேற ஆள் கூட்டிட்டுப் போயிடுவாங்களேன்னு பதட்டமாத்தான் இருக்கும், எனக்கும் இருந்துச்சு, ஆனா மெசேஜுக்கே பதில் போடாதவர் பணத்துக்கு எங்க பதில் சொல்லப் போறார்.

"குடும்பத்துல யாராவது"ங்கற வரியை விட்டுடாதீங்க. பார்ட்டிக்கு சைட் பிடிக்கலன்னு சொல்லிட்டு, ரெண்டு மாசம் கழிச்சு அவங்க தங்கச்சி பேர்ல கிரயம் ஆனதை நான் வில்லங்கம் (சொத்து யார் பேருக்கு மாறியிருக்குன்னு காட்டற சான்று) போட்டுப் பாத்துத்தான் தெரிஞ்சுகிட்டேன். பார்ட்டி என் முன்னாடியே அந்தப் பக்கத்து புரோக்கர்கிட்ட விசிட்டிங் கார்டு வாங்கினாங்க, நான் கொய்யாப்பழம் வாங்கிகிட்டு இருந்தேன்.

அப்புறம், மறையுற மெசேஜ் செட்டிங் ஆன்ல இருக்கான்னு பாத்து ஆஃப் பண்ணுங்க. போன் மாத்தும்போது பேக்கப் எடுங்க. கோர்ட்டுக்குப் போக நேர்ந்தா ஸ்க்ரீன்ஷாட் பிரிண்ட் மட்டும் பத்தாது, 2024 ஜூலையில இருந்து இருக்குற புது சாட்சியச் சட்டத்துல 63-வது பிரிவுப்படி ஒரு சர்டிபிகேட் கொடுக்கணும், அதுக்கு அந்த மெசேஜ் இருக்குற போன் கையில இருந்தா பெரிய உதவி.

4. "எதுல சதவீதம்?"ன்னு கேளுங்க

25 சதவீதம்னு பேசிட்டா முடிஞ்சுதுன்னு நினைக்காதீங்க. எதுல 25? கைடுலைன் மதிப்புலயா (அரசு நிர்ணயிச்ச மதிப்பு), உண்மையா கைமாறின விலையிலயா? ஒரு பக்கத்து கமிஷன்லயா, ரெண்டு பக்கமும் சேத்தா? செலவு கழிச்சா, கழிக்காமலா? ஒரே 25 இதுல நாலு விதமா மாறும். பத்திரத்துல போட்ட மதிப்பைக் காட்டி "இதுக்குத்தான் கமிஷன்"னு பங்கை வெட்டறது பழைய தந்திரம்.

இன்னொண்ணு நெட் ரேட். ஓனர் "எனக்கு சென்ட்டுக்கு 1,40,000 கைக்கு வந்தா போதும், மேல நீ வச்சுக்கோ"ன்னு சீனியர்கிட்ட சொல்லியிருப்பார். சீனியர் உங்ககிட்ட 1,50,000னு சொல்வார். 40 சென்ட்டுக்கு நடுவுல 4 லட்சம் அவருக்கு நிக்கும், அதைப் பத்தி வாயே திறக்காம, நீங்க வாங்கற பக்கம் கமிஷன்லயும் வந்து பாதி கேப்பார். பார்ட்டிக்கு இது ஒரு நாள் தெரிய வந்தா திருடன் பட்டம் உங்களுக்குத்தான், ஏன்னா அவங்களுக்குத் தெரிஞ்ச முகம் நீங்கதான். அதனால ஓனர்கிட்ட ஒரு தடவையாவது நேரா உக்காந்து விலை கேக்காம பார்ட்டியை டோக்கன் (முதல் அட்வான்ஸ்) கொடுக்க வைக்காதீங்க. ஓனரைப் பாக்கவே விடமாட்டேங்கறாங்கன்னா விஷயம் இதுதான்.

5. தொகை பெருசுன்னா பத்திரத்துல எழுதுங்க

உங்க பங்கே 50,000 தாண்டும்னு தெரிஞ்சா 200 ரூபாய் முத்திரைத்தாள்ல ஒரு பக்கம் எழுதிக்கோங்க. மேல சொன்ன மெசேஜ்ல இருக்குற அதே விஷயம், கூட சர்வே நம்பர், ரெண்டு பேரோட பேன் நம்பர், ரெண்டு சாட்சி. டைப் அடிக்கற செலவோட 500 ரூபாய்க்குள்ள முடிஞ்சுடும். வாய்ப்பேச்சும் சட்டப்படி ஒப்பந்தம்தான், ஆனா அதை நிரூபிக்கிற பாடு இருக்கே, அது வேற கதை. "என்னப்பா, என் மேல நம்பிக்கை இல்லையா"ன்னு கேப்பாங்க. "உங்க மேல இருக்குங்கண்ணா, எனக்கு என் ஞாபகசக்தி மேலதான் இல்ல"ன்னு சொல்லிடுங்க.

6. மலையில ஆள் கூட்டம் அதிகம்

சேலம் டவுன்ல அழகாபுரம், ஃபேர்லேண்ட்ஸ் பக்கம் ஒரு வீட்டுக்கு ரெண்டு புரோக்கர் இருப்பாங்க. 20 கொண்டை ஊசி வளைவு ஏறிட்டா கணக்கே வேற. ஒண்டிக்கடையில டீ குடிக்கும்போது "எந்த எஸ்டேட்டு பாக்க வந்தீங்க?"ன்னு கேட்டவர்கூட கிரயத்தன்னைக்கு வந்து நிப்பார். அவங்களை எல்லாம் விரட்ட முடியாது, விரட்டவும் வேண்டாம், அடுத்த சைட்டுக்கு அவங்கதான் கேட்டைத் திறக்கணும். ஆனா அது அன்பளிப்பு, பங்கு கிடையாது. யாருக்கு எவ்வளவுன்னு முதல் நாளே நீங்களும் எதிர்ப்பக்க புரோக்கரும் பேசி வச்சுக்கோங்க, யார் பங்குல இருந்துன்னும் பேசிக்கோங்க. நான் பேசாம விட்டதால அந்த 15,000மும் என் தலையில விடிஞ்சுது.

செலவு நோட்டு ஒண்ணு போடுங்க. தேதி, வண்டி, டீசல், யார் யார் வந்தாங்க, எத்தனை மணிக்கு. பங்கு பேசும்போது "ஒம்பது ட்ரிப்பு"ன்னு வாயால சொல்றதுக்கும் நோட்டைத் திறந்து காட்டறதுக்கும் நிறைய வித்தியாசம் இருக்கு. மே மாசம் கோடை விழா நடக்கற நாள்ல பார்ட்டியைக் கூட்டிட்டுப் போகாதீங்க, பாதி நாள் வளைவுலயே போயிடும்.

7. டீல் உடையுற சைட்டுக்கு உழைக்காதீங்க

பங்கே எழுதி வாங்கினாலும் கிரயம் ஆகலன்னா எல்லாம் பூஜ்யம்தான். வில்லங்கம், பட்டா, எஃப்எம்பி ஸ்கெட்ச் (நில அளவை வரைபடம்) மூணையும் முதல் ட்ரிப்புக்கு முன்னாடியே ஆன்லைன்ல பாத்துடுங்க. ஏற்காட்டுல கூடுதலா ரெண்டு. ஒண்ணு, அது மலைவாழ் மக்களுக்கு அரசு ஒப்படை கொடுத்த நிபந்தனை பட்டாவான்னு பாக்கணும், அப்படின்னா தொடவே தொடாதீங்க. ரெண்டாவது, மலைப்பகுதி பாதுகாப்பு ஆணையம், பேச்சுல ஹாகான்னு சொல்வாங்க, அதோட எல்லைக்குள்ள ஏற்காடு வருது, அதனால வீடு கட்ட, மனை பிரிக்க அனுமதி தனி. "ரிசார்ட் கட்டலாம் சார்"னு பார்ட்டிகிட்ட வாக்கு கொடுத்துட்டு முழிக்காதீங்க. நம்பர் கொடுத்த சீனியர் இதையெல்லாம் பாத்திருப்பார்னு நினைச்சு நான் ஒரு தடவை மஞ்சக்குட்டை பக்கம் ரெண்டு மாசம் வீணா அலைஞ்சேன்.

8. பணம் எப்ப, எப்படி வாங்கறது

டோக்கன் போடும்போது கமிஷன் கேக்காதீங்க, பார்ட்டி பயந்துடும். கிரய அக்ரிமெண்ட் அன்னைக்கு கால் பங்கு, ரிஜிஸ்டர் ஆகிற அன்னைக்கு மிச்சம், இது என் வழக்கம். ரிஜிஸ்டர் ஆபீஸ்ல கைரேகை வச்சு வெளிய வர்றதுக்கு முன்னாடி பேசி முடிச்சிருக்கணும், வெளிய வந்துட்டா பார்ட்டி பெங்களூரு வண்டி ஏறிடும், அந்தப் பக்கத்து புரோக்கர் போன் சுவிட்ச் ஆஃப்.

முடிஞ்ச வரைக்கும் பார்ட்டியே ரெண்டு பேருக்கும் தனித்தனியா போடட்டும். மொத்தமும் ஒருத்தர் கையில போய் அங்க இருந்து பங்கு வர்றதுங்கறது, ஆத்துல போட்டுட்டு அள்ளுற மாதிரி. பேங்க்லயே வாங்குங்க. சொத்து விக்கறதுக்கான அட்வான்ஸ் 20,000 ரூபாயோ அதுக்கு மேலயோ ரொக்கமா வாங்கக்கூடாதுன்னு வருமான வரிச் சட்டத்துல இருக்கு, ஒரே டீலுக்கு 2 லட்சமோ மேலயோ ரொக்கம் வாங்கறதும் கூடாது. ப்ரொமோட்டர் கம்பெனி (லேஅவுட், அபார்ட்மெண்ட் போடற கம்பெனி) கமிஷன் கொடுத்தா டிடிஎஸ், அதாவது கொடுக்கும்போதே வருமான வரி பிடிப்பாங்க, 2024 அக்டோபர்ல இருந்து 2 சதவீதம், பேன் கொடுக்கலன்னா 20. பிடிச்சதை உங்க பேன்ல கட்டியிருக்காங்களான்னு மூணு மாசத்துக்கு ஒரு தடவை பாருங்க. வருஷ வரவு 20 லட்சம் தாண்டினா ஜிஎஸ்டி பதிவு, 18 சதவீதம், அப்ப "ஜிஎஸ்டி தனி"ன்னு மெசேஜ்லயே சேத்துடுங்க, இல்லன்னா அது உங்க பங்குல இருந்து போகும்.

9. பங்கு வரலன்னா

முதல் வாரம் போன். ரெண்டாவது வாரம் பழைய "சரி" மெசேஜை மேற்கோள் காட்டி வாட்ஸ்அப்ல, தொகையைப் போட்டு, தேதி கொடுத்து ஒரு மெசேஜ். மரியாதையா எழுதுங்க, திட்டி எழுதினா அதையே உங்களுக்கு எதிரா காட்டுவாங்க. அப்பவும் வரலன்னா வக்கீல் நோட்டீஸ், என்கிட்ட 3,000 வாங்கினார் ஒரு வக்கீல். நோட்டீஸ் ஸ்பீட் போஸ்ட்ல போகட்டும், டெலிவரி ஆன ஆதாரத்தை எடுத்து வைங்க.

செக் கொடுத்து அது திரும்பி வந்துட்டா நாளை எண்ணிகிட்டே இருங்க. பேங்க்ல இருந்து தகவல் வந்த 30 நாளுக்குள்ள நோட்டீஸ், நோட்டீஸ் கிடைச்சு 15 நாள் அவருக்கு டைம், அதுக்கப்புறம் ஒரு மாசத்துக்குள்ள கேஸ். இதுல தேதி தவறினா நல்ல கேஸும் வீணாப் போயிடும். செக் இல்லாத சாதாரண பாக்கின்னா பணம் வர வேண்டிய நாள்ல இருந்து 3 வருஷம் வரைக்கும் சிவில் கோர்ட்டுக்குப் போகலாம்.

அதுக்கு முன்னாடி அஸ்தம்பட்டி கோர்ட் வளாகத்துல இருக்குற மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவுல ஒரு மனு கொடுத்துப் பாருங்க. கேஸ் போடறதுக்கு முன்னாடியே ரெண்டு பக்கத்தையும் கூப்பிட்டு உக்கார வச்சுப் பேசுவாங்க, கோர்ட் கட்டணம் கிடையாது. மனுவோட மெசேஜ் பிரிண்ட், செலவு நோட்டு ஜெராக்ஸ், கிரயம் ஆனதைக் காட்டற வில்லங்கம் மூணும் வைங்க. அந்த தங்கச்சி பேர்ல முடிஞ்ச சைட்டுக்கு நான் இதைத்தான் செஞ்சேன். கேட்டது 40,000, ரெண்டாவது தேதியிலயே 28,000க்கு ஒத்துகிட்டார், ரெண்டு தவணை. முதல் தவணை வந்துடுச்சு, ரெண்டாவது வர்ற பத்தாம் தேதி.

70 சதவீதம் எடுத்த அண்ணன் போன வாரம் கூப்பிட்டு கருப்பூர் பக்கம் ஒரு சைட் இருக்குன்னார். பேசி முடிச்சுட்டு மெசேஜ் போட்டேன். ரெண்டு நாளா நீல டிக் விழுந்து கிடக்கு, "சரி" இன்னும் வரல. நானும் பார்ட்டியை இன்னும் கூட்டிட்டுப் போகல.